நாடக விளையாட்டு, கடைப் பேச்சு: இம்ப்ராவ் பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹோட்டல், ஜவுளிக்கடை, அரிசி ஆலை அலுவலகம், டைல்ஸ் பட்டறை என்று காரைக்குடியைச் சுற்றி வேலை செய்கிறவர்களுக்கு இம்ப்ராவ் விளையாட்டுகளை வைத்துப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறேன். எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான். முதலாளிகள் போனில் கேட்பதையும் ஊழியர்கள் டீ நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்பதையும் அவர்கள் சொன்ன மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இம்ப்ராவ்னா என்னங்க? ஜோக் சொல்லப் பழக்குறதா?

இல்லை. எழுதிவைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. எதிரே நிற்பவர் அந்த நேரத்தில் சொன்னதையும் செய்ததையும் பிடித்துக்கொண்டு காட்சியை நடத்திப் போவதுதான் இம்ப்ராவ். அடுத்து என்ன வரும் என்று நடிப்பவருக்கே தெரியாததால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நடிப்பவர் வலிந்து சிரிப்பு மூட்டப் பார்த்தால் காட்சி கெட்டுவிடும். தன் ஜோக்கை எப்போது இறக்கலாம் என்று காத்திருப்பவர் காதில் மற்றவர் பேச்சு விழாது.

வேலையிடத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது இந்தக் காது கொடுக்கும் பகுதியைத்தான். எதிரே இருப்பவர் முடிக்கும்வரை கேட்பது, கேட்டதற்குப் பதில் சொல்வது, எதிர்பாராதது வந்தால் வாயடைத்து நிற்காமல் இருப்பது. பயிற்சி மொத்தமும் இதைச் சுற்றித்தான்.

நாடகக்காரங்க விளையாட்டு ஆபீசுக்குள்ள எப்படி வந்துச்சு?

மேடைக்குப் போகும் முன்பே அது மக்களுக்கான விளையாட்டாகத்தான் இருந்தது. வயோலா ஸ்போலின் என்பவர் 1930களின் கடைசியில் அமெரிக்காவின் சிகாகோவில், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தார். பாடமாகச் சொன்னால் ஏறாததை விளையாட்டாக மாற்றினார். அந்த விளையாட்டுகளை 1963இல் புத்தகமாகவும் தொகுத்தார். அவருடைய மகன் பால் சில்ஸும் நண்பர்களும் 1959இல் அதே ஊரில் தொடங்கியதுதான் ‘செகண்ட் சிட்டி’ நகைச்சுவை அரங்கம். கம்பெனி ஊழியர்களுக்குப் பயிற்சி தர அந்த அரங்கத்தில் தனிப் பிரிவே உண்டு.

இன்னொரு பெரிய பெயர் கீத் ஜான்ஸ்டன். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் தொடங்கி, பிறகு கனடாவின் கால்கரி நகரில் வேரூன்றியவர். யார் மேலே, யார் கீழே என்பதை வைத்து அவர் உருவாக்கிய பயிற்சிகளைப் பற்றிக் கீழே முதலாளி கேள்வியில் சொல்கிறேன். ஆலன் ஆல்டா என்ற நடிகரின் முயற்சியால் 2009இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் வந்தது. தங்கள் ஆராய்ச்சியைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி சொல்ல விஞ்ஞானிகள் அங்கே இம்ப்ராவ் பழகுகிறார்கள். சில மருத்துவக் கல்லூரிகளும் நோயாளியிடம் பேசும் பயிற்சிக்கு இதை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

வெளிநாட்டுச் சரக்கா இருக்கே. நம்ம ஊருக்குச் சரிப்படுமா?

திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமண நாடகம் பார்த்தவர்கள் இப்படிக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். பல நேரம் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதே அன்றைக்குச் சாயந்திரம்தான். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் நாரதரும் வள்ளியும் போடும் தர்க்கம் எந்தப் பக்கம் திரும்பும், பபூன் எவ்வளவு நேரம் இழுப்பார் என்பதெல்லாம் அந்த ராத்திரி மேடையில் முடிவாவது. ஒருவர் தூக்கிப் போட்டதை இன்னொருவர் பிடிக்காவிட்டால் சபை எழுந்து டீக்கடைக்குப் போய்விடும்.

அவர்களுக்குப் பின்னால் பல வருஷ அனுபவம் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்வது அந்தப் பிடிக்கும் பழக்கத்தில் ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான்.

எனக்குக் காமெடியே வராது. நாலு பேர் முன்னால நின்னா நாக்கு ஒட்டிக்கும். நான் வரலாமா?

தாராளமாக. கடையில் “காமெடி பண்ணுறவர்” என்று பேர் எடுத்தவர்தான் முதல் நாள் அதிகம் திணறுகிறார், காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பெரும்பாலும் நன்றாகக் கவனிக்கிறவர்கள். ஆரம்ப ஆட்டங்கள் எல்லாம் வட்டமாக நின்று எல்லோரும் சேர்ந்து ஆடுவது. தனியாக மேடையேறும் வேலை கிடையாது.

ஒரு வகுப்புல உண்மையில என்னதான் செய்வீங்க?

நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு வட்டமாக நிற்போம். ஒருவர் இன்னொருவர் கண்ணைப் பார்த்து ஒரு கைதட்டலை அனுப்புவார். அவர் அதே நொடியில் தட்டி வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்புவார். சின்னப்பிள்ளை விளையாட்டுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் யார் யாரைப் பார்ப்பதே இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். சூப்பர்வைசரும் பில் போடுகிற அக்காவும் முகம் கொடுத்துப் பேசாத கடையில் அந்தக் கைதட்டல் அவர்களுக்குள் போகவே போகாது.

அடுத்து கடைசிச் சொல் ஆட்டம். முன்னவர் எந்தச் சொல்லில் முடித்தாரோ அதே சொல்லில்தான் பின்னவர் தொடங்க வேண்டும். “நாளைக்கு லோடு வருமான்னு சந்தேகம்” என்று ஒருவர் சொன்னால், “சந்தேகம்னா டிரைவருக்கு போன் போட்டீங்களா?” என்று மற்றவர் தொடர்வார். பாதியில் வெட்டுகிற பழக்கம் உள்ளவருக்கு இது பெரிய சித்திரவதை. நம் பேச்சில் வருமா வராதா, கொடுத்தாரா கொடுக்கவில்லையா என்பதே வாக்கியத்தின் கடைசியில்தான் இருக்கிறது. பாதியில் பாய்கிறவர் முக்கியமான இடத்தைக் கேட்காமலே பதில் சொல்கிறார். அப்புறம் ஆளுக்கு ஒரு சொல்லாக ஒரே கதையைச் சொல்வோம். முடிவை மனதில் எழுதிவைத்துக்கொண்டு வந்தவர் நாலாவது சொல்லிலேயே கோபப்படுவார்.

கடைசிப் பாதியில்தான் வேலைக் காட்சிகள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஆட்களுடன் ஆடும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். கஸ்டமர் வந்து, “மாதிரியில பார்த்த சிவப்பு வேற, வந்த சிவப்பு வேற” என்கிறார். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, கையால் வண்ணம் ஊற்றி, மேலே சிமெண்ட்டும் மணலும் போட்டு எடுப்பது அந்த டைல். ஒன்று போல் ஒன்று இருக்காது. வேலைக்காரர் சட்டென்று, “கைவேலைன்னா அப்படித்தாங்க இருக்கும்” என்பார். உண்மைதான். இப்போது இருவரும் இடம் மாற வேண்டும். வேலைக்காரரே கஸ்டமராக நின்று அந்தப் பதிலைக் கேட்கும்போது, வேண்டுமானால் எடு, இல்லையென்றால் போ என்பது போல அது காதில் விழும். மறுபடி ஆடும்போது அவரே கஸ்டமரைப் பட்டறைக்குள் கூட்டிப்போய், வண்ணம் ஊற்றுவதைக் காட்டி, “எந்தச் சிவப்பு உங்களுக்கு ஒத்துவருதுன்னு இந்தக் கட்டுலேருந்து பிரிச்சு எடுப்போமா?” என்று கேட்பார். யாரும் சொல்லிக்கொடுத்த வசனம் இல்லை அது. ஒரே ஒரு ஆட்டம்தான் நடத்த முடியும் என்றால் மற்ற ஆட்டங்களை விட்டுவிட்டுக்கூட இந்த இடம் மாறி ஆடுவதை வைத்துக்கொள்வேன்.

எல்லாத்துக்கும் “ஆமா”ன்னு சொல்லணுமாமே? கஸ்டமர் பாதி விலைக்குக் கேட்டா ஆமான்னு தூக்கிக் கொடுத்துடுறதா?

இம்ப்ராவ் பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது இது. மேடையில் உங்கள் துணை, “டாக்டர், என் கால் நீலமாயிடுச்சு” என்று தொடங்கினால், “நான் டாக்டர் இல்லையே” என்று சொல்லக் கூடாது. சொன்னால் காட்சி அங்கேயே செத்துவிடும். அவர் போட்ட நிலைமையை ஒப்புக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

கடைக்கு வந்தால், ஆமாம் சொல்வது கஸ்டமர் சொல்லும் நிலைமைக்கு. அவர் வைக்கும் கோரிக்கைக்கு அல்ல. கண்டாங்கிச் சேலை வாங்க வந்தவர், “பவர்லூம்ல இதே மாதிரி பாதி விலைக்குக் கிடைக்குதே” என்கிறார். “அப்ப அங்கேயே வாங்கிக்குங்க” என்பது ஒரு பதில். “கிடைக்குதுங்க ஆச்சி, பார்க்க இதே கட்டம்தான். இது கைத்தறி, இந்தக் கரையைக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க” என்பது இன்னொன்று. இரண்டிலும் விலை ஒரு ரூபாய் குறையவில்லை. இரண்டாவதில் ஆச்சி இன்னும் கடைக்குள் இருக்கிறார்.

ஒப்புக்கொள்ளவே கூடாத இடமும் உண்டு. ஆலையில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் பதில் “வேண்டாம், சுவிட்சை அணை”. பணக் கணக்கிலும் அப்படியே. எங்கே ஆட்டம், எங்கே தடை என்று முதல் வகுப்பிலேயே பேசிவிடுவேன்.

நாங்க பட்டிமன்றம் கேட்டே வளர்ந்தவங்க. பேச்சுக்கா பஞ்சம்?

பஞ்சமே இல்லை. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பட்டிமன்றத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன குன்றக்குடி அடிகளாரின் மடம் பக்கத்திலேயே இருக்கிறது. நானும் பட்டிமன்றப் பைத்தியம்தான். ஆனால் அங்கே அணி முதலிலேயே பிரித்தாகிவிட்டது. எதிரணி பேசும்போது எங்கே ஓட்டை என்று கேட்கிறோம். முடிவில் தீர்ப்புச் சொல்ல நடுவர் இருக்கிறார்.

ஆர்டர் தாமதமானால் ஸ்டோர்காரரும் கணக்குப் பிரிவும் செய்வது அப்படியே பட்டிமன்றம். தவறு யாருடையது என்று அருமையாக நிரூபிப்பார்கள், சரக்கு மட்டும் போயிருக்காது. எதிரே உள்ளவர் பேச்சில் நமக்குப் பயன்படுவது எது என்று கேட்பது வேறு பழக்கம். வாதத் திறமையை விட வேண்டாம், பேங்க் மேனேஜரிடம் கடன் கேட்கும்போது வேண்டியிருக்கும்.

முதலாளி உட்கார்ந்திருந்தா எவன் வாயைத் திறப்பான்?

நல்ல கேள்வி. பயிற்சி தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான். முதலாளி ஓரத்தில் நாற்காலி போட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்து பார்த்தால் அது பயிற்சி இல்லை, பரீட்சை. அவர் வட்டத்துக்குள் வந்து ஆட வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டு மணி நேரம் வெளியே போய்விட வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் நான் வகுப்பு எடுப்பதில்லை.

ஜான்ஸ்டன் சொன்னது இங்கேதான் வருகிறது. மேல், கீழ் என்பது பதவி மட்டுமில்லை, நாம் நடந்துகொள்ளும் விதம் என்றார் அவர். குரல், நிற்கும் தோரணை, யார் முதலில் பார்வையைத் திருப்புகிறார், யார் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதில் எல்லாம் அது இருக்கிறது. சீட்டுக்கட்டில் ஆளுக்கு ஒரு சீட்டை எடுத்து, தான் பார்க்காமல் நெற்றியில் வைத்துக்கொள்ளச் சொல்வோம். மற்றவர்கள் அந்தச் சீட்டின் மதிப்புக்குத் தக்கபடி அவரிடம் பேசுவார்கள். தன்னிடம் இருப்பது ராஜாவா ரெண்டா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். ரெண்டு கிடைத்தவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார், யாரும் அவர் வாக்கியத்தை முடிக்க விடமாட்டார்கள். முதலாளி கையில் ஒரு தடவை ரெண்டு வந்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வேலை பாதி குறைந்தது.

செட்டிநாட்டில் இதற்கு ஒரு பழைய பின்னணியும் இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடைகள் இருந்த காலத்தில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன், பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் தொழில் பழகி, அடுத்தாளாகி, மேலே போனான். கவனிக்கப் பழக்குவதில் அதை மிஞ்சிய பள்ளிக்கூடம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கீழே இருப்பவன் மேலே பார்த்துக் கேட்கும் பழக்கம் அது. மேலே இருப்பவர் கீழே காது கொடுக்க யாரும் பழக்கவில்லை. இன்றைக்குக் கஸ்டமர் முகத்தை முதலில் பார்ப்பது கவுண்டர் பையன்தான். அவன் சொல்வது மேலே போகாவிட்டால் நஷ்டம் கடைக்கு.

பொம்பளைப் பிள்ளைங்க வேலை பார்க்கிற இடம். தொட்டு விளையாடுறது, கிண்டல் பண்ணுறதெல்லாம் இருக்குமா?

தொடுகிற ஆட்டம் எதுவும் கிடையாது. சாதி, மதம், நிறம், உடம்பு, ஒருவருடைய கல்யாணம், குழந்தை, இவை எதுவும் காட்சியில் வராது. யார் வேண்டுமானாலும் “பாஸ்” என்று சொல்லி விலகலாம், காரணம் கேட்க மாட்டோம். எல்லோர் போனும் வாசலில் ஒரு கூடைக்குள். ரீல்ஸ் போடலாமே என்று ஒருவர் எப்போதும் கேட்பார். கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் ஆட மாட்டார், ஆடவும் வேண்டாம்.

எங்க கணக்கப்பிள்ளைக்கு அறுபது வயசுக்கு மேல. “இந்த வயசுல என்னைக் குதிக்கச் சொல்றியா”ங்கிறார். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. அவரைப் பார்வையாளராக உட்கார வைத்து ஒரு வேலை மட்டும் கொடுங்கள்: காட்சியில் யார் யாரைப் பாதியில் வெட்டினார் என்று குறிக்கச் சொல்லுங்கள். கணக்கு எழுதிப் பழகிய கண், ஒன்றையும் விடாது. முடிந்ததும் அவர் படிக்கும் பட்டியலை எல்லோரும் வாய் திறக்காமல் கேட்பார்கள். அடுத்த தடவை அவராகவே எழுந்து வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. இரண்டும் சரிதான்.

தமிழ்லயா இங்கிலீஷ்லயா? எங்க ஹோட்டலுக்கு வெள்ளைக்காரங்கதான் நிறைய வர்றாங்க.

தமிழில்தான். தெரியாத மொழியில் ஆடினால் மனசு இலக்கணத்தைத் தேடிக்கொண்டிருக்கும், எதிரே உள்ளவரைப் பார்க்காது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்கியிருப்பவர்களுக்கு மட்டும் உளறல் மொழி ஆட்டத்தைச் சேர்ப்பேன். ஒருவர் அர்த்தமில்லாத சத்தங்களில் எதையோ கேட்பார். மற்றவர் கை, முகம், குரல் இவற்றை வைத்து என்ன வேண்டும் என்று ஊகிக்க வேண்டும். பிரான்சிலிருந்து வந்தவர் குழம்பில் காரம் அதிகம் என்று சொல்ல முடியாமல் தவிப்பதை முகத்திலேயே படிக்கிற சர்வர், அவர் கேட்கும் முன்பே தயிரைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

இது பலிக்கும்னு ஏதாவது நிரூபணம் இருக்கா? எத்தனை நாள்ல தெரியும்?

ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சிலரை 20 நிமிஷம் இம்ப்ராவ் ஆடவைத்து, அதே போன்ற பயிற்சிகளை எழுதிவைத்த வசனத்தோடு செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இம்ப்ராவ் ஆடியவர்களுக்கு உடனடியாகப் புது யோசனைகள் கூடின, என்ன நடக்குமோ என்ற நிச்சயமின்மையைத் தாங்கும் மனநிலை கூடியது, மனசும் நல்லபடியாக இருந்தது. ஆனால் அது ஆடி முடித்த கையோடு அளந்தது. அதை வைத்து உங்கள் கடை விற்பனை இத்தனை சதவீதம் ஏறும் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்.

என் அனுபவத்தில் முதல் மாற்றம் குறுக்கே பேசுவது குறைவதில் தெரியும். வாரம் ஒரு முறை தொடர்ந்தால்தான் அது நிற்கும். ஒரே நாள் விழா மாதிரி நடத்தி, பிரியாணி போட்டு அனுப்பினால் பிரியாணிதான் நினைவில் இருக்கும்.

வெளியாள் வேண்டாம், நாங்களே நடத்திக்கலாமா?

கைதட்டல், கடைசிச் சொல், ஆளுக்கு ஒரு சொல், இந்த மூன்றையும் தாராளமாக நடத்தலாம். கடை திறக்கும் முன் பத்து நிமிஷம் போதும். நடத்துபவர் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தக் கூடாது, ஓரத்திலிருந்து “கண்ணைப் பாருங்க”, “மெதுவா” என்று மட்டும் குரல் கொடுக்கலாம். அது ஸ்போலின் முறை. சீட்டு ஆட்டத்தையும் நிஜச் சண்டைகளைக் காட்சியாக்குவதையும் நீங்களே செய்ய வேண்டாம். கேலியில் ஆரம்பித்து யாராவது அழுதுவிட்டால் தாங்கிப் பிடிக்க அனுபவம் வேண்டும்.

விளையாட்டுல பிரமாதமா பேசுறான். கவுண்டருக்கு வந்தா பழைய மாதிரியே முழிக்கிறான். ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசாமல் கலைந்துவிட்டீர்கள். “இப்ப செஞ்சதுல எதை நாளைக்குக் கடையில செய்யப்போறீங்க?” என்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். “போன் எடுத்தா அவங்க பேரை முதல்ல கேட்பேன்” என்கிற அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், வகுப்பில் தப்பு செய்தால் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள், கவுண்டரில் தப்பு செய்தால் கஸ்டமர் முன்னாலேயே திட்டு விழுகிறது. பையன் புத்திசாலி, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சரியாகவே கற்றிருக்கிறான். முதலாளி கேள்விக்கான பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

ஆளுங்க ஆறு மாசம் நிக்க மாட்டேங்குறாங்க, திருப்பூர், கோயமுத்தூர்னு போயிடுறாங்க. இந்தப் பயிற்சி கொடுத்தா நிப்பாங்களா?

மாட்டார்கள். அங்கே சம்பளம் கூட, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு என்றால் இங்கே கைதட்டி விளையாடுவதற்காக யாரும் இருக்கமாட்டார்கள். சம்பளம், லீவு, உட்கார ஒரு ஸ்டூல், இதையெல்லாம் முதலில் பாருங்கள். அதையெல்லாம் செய்த பிறகும் ஆட்கள் ஏன் போகிறார்கள் என்று உங்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள் என்றால், அப்போது இந்தப் பயிற்சிக்கு வேலை இருக்கிறது. கூப்பிடுங்கள், வருகிறேன். நாற்காலிகளை ஒதுக்கிவைக்க ஒரு கூடமும் ஒரு சீட்டுக்கட்டும் போதும்.